பனை இழந்த முனியின் பதில்

கதை பாதியில் நின்றது. நின்ற கதை தபாலிலும் போய்விட்டது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். ஏழு ஊரில் ஏழு பேர். யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. ஒரு தடி நோட்டு தபாலில் சுற்றும். கைக்கு வந்தால் ஒரு வாரத்துக்குள் பேய்க்கதையோ முனிக்கதையோ எழுதிப் படம் போடவேண்டும். மற்றவர் கதைக்கு ஓரத்தில் கருத்து எழுதவேண்டும். அடுத்தவருக்கு அனுப்பவேண்டும்.

சுங்குவார்சத்திரம் பாண்டுரங்கன் கம்பெனியில் ஃபிட்டர். அங்கே அவரை "யோவ்" என்பார்கள். நோட்டில் மட்டும் "ஐயா". அந்த ஐயாவுக்கு உயிரையும் விடுவார். படம் நன்றாக வரும். அவர் போட்டால் மீன் குடை பிடிக்கும், பனைமரம் செருப்பு மாட்டும். கதைதான் வராது. கதை மனைவி காந்திமதியுடையது. கீரை ஆய்ந்தபடி சொல்வாள். இவர் செய்தித்தாளுக்குள் காகிதத்தை மறைத்து எழுதுவார். கீழே தன் பெயர்.

அவளிடம் ஒரு சட்டம். கேட்கிறவர் "ம்" கொட்டவேண்டும். ம் நின்றால் கதையும் நிற்கும்.

அன்றைக்கு அவள் சொன்ன கதையில், கம்பெனி மதிலுக்காக முனியின் பனையை வெட்டிவிட்டார்கள். முனி வேலை கேட்டுக் கம்பெனி கேட்டில் நிற்கிறது. ஹெல்மெட் தலையில் ஏறவில்லை. சொந்த ஊர் எது என்று சூப்பர்வைசர் கேட்கிறார். எழுதும் வேகத்தில் பாண்டுரங்கன் ம் கொட்ட மறந்தார். காந்திமதி கீரையோடு எழுந்து போனாள். கெடு முடிந்தது. 'தொடரும்' என்று போட்டு அனுப்பினார்.

சுற்றி வந்த நோட்டில் ஓரமெல்லாம் ஒரே கேள்வி. முனி என்ன சொல்லிற்று? குழுத் தலைவர் வாலாஜாபாத் விஜயராகவன் கறாரானவர். இந்தச் சுற்றில் முடிவு வராவிட்டால் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுவதாக எழுதியிருந்தார்.

பாண்டுரங்கன் ஐந்து முடிவு எழுதினார். ஐந்தையும் கிழித்தார். பிறகு, சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"அந்த முனி இன்னா ஆச்சு?"

"கேட்டுலியே நிக்கிது. நீங்கதான் ம் கொட்டலியே."

"இப்ப கொட்டறேன், சொல்லு."

"யாருக்கோசரம் கேக்கறீங்க? அத்த சொல்லுங்க, சொல்றேன்."

முகம் தெரியாத ஆறு பேர் இவள் வாய்ச்சொல்லுக்குக் காத்திருக்கிறார்கள். அது இவளுக்குத் தெரியாது. சொன்னால் அந்த "ஐயா" போய்விடுமே. ஷிப்டுக்குப் போனார்.

கெடு நாளன்று வீட்டுக்கு வந்தபோது நோட்டைக் காணோம்.

"தபால்ல போட்டுட்டேன்," என்றாள் காந்திமதி.

"முடிவு எழுதலியே."

"நான் எழுதிட்டேன். ஒவ்வொரு வாட்டியும் நோட்டு வந்தா நானும் படிச்சினுதான் கீறேன். படமெல்லாம் நல்லாத்தான் போடறீங்க."

பாண்டுரங்கன் செய்தித்தாளை எடுத்து மடித்துவைத்தார்.

இரண்டு மாதம் கழித்து நோட்டு வந்தது. பிரித்தார். அவளுடைய குண்டு எழுத்து, கீழே அவள் பெயர். சொந்த ஊர் எது என்று கேட்ட சூப்பர்வைசருக்கு முனி சொல்லியிருந்தது: "நீ நிக்கிற எடம்."

அந்தப் பக்கத்து ஓரத்தில் யாரும் ஒன்றும் எழுதவில்லை.

பிறகு முதல் பக்கத்தைத் திருப்பினார். உறுப்பினர் பட்டியலில் அவர் பேரை அடித்திருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் விஜயராகவன் எழுதியிருந்தார்: "படம், வீட்டுக்காரர். கதை, திருமதி காந்திமதி."