சந்தனம் நிற்காத கார்

சரவணம்பட்டி,
24.10.1996

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் சுப்பையன் அவர்களுக்கு, தங்கள் தங்கை மாசாணியம்மாளின் வீட்டுக்காரன் மருதாசலம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் மகள் எழிலும் காரும் சுகம். தங்கள் தங்கை மிகமிகச் சுகம். அதனால்தான் இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்தது. அங்கு தாங்களும் அக்காவும் டெம்போவும் சுகமென்று நம்புகிறேன். படித்து முடித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடவும். அக்காவிடம்கூடக் காட்ட வேண்டாம்.

என் காரை வாங்க ஒரு பார்ட்டியைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை கூட்டிவரும்படி மாசாணி அன்னூர் பஸ் கண்டக்டரிடம் தங்களுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறாள். மச்சான், கூட்டிவந்துவிடாதீர்கள். தங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். ஏன் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

டெலிபோன் இலாகாவில் முப்பது வருஷம் கம்பம் ஏறி இறங்கிவிட்டு ரிட்டையர் ஆனதும் அந்தக் கருநீலப் பத்மினியை வாங்கினேன். பழைய வண்டி. ஆனால் நம் இரண்டு வீட்டு வழியிலும் அதுதான் முதல் கார். தாங்கள் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறீர்கள். தொடவில்லை, அதற்கு இன்றும் நன்றியுடையவன். வாங்கிய மாதம் நானும் எல்லாரையும்போல ஈரத்துணியால் துடைப்பதோடுதான் இருந்தேன். கெடுத்தது பக்கத்து வீட்டு நரசிம்மலுவின் சேவல். கார்க் கதவில் தன் உருவத்தைப் பார்த்து வேறு சேவல் வந்துவிட்டதென்று பாய்ந்து கொத்தியதில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கீறல். காந்திபுரத்தில் ஒரு பெயின்டரிடம் கேட்டேன். காம்பவுண்டு என்று ஒரு பசை கொடுத்து, "மெதுவா வட்டமாத் தேயிங்க, போயிரும்" என்றார். தேய்த்தேன், போய்விட்டது. ஆனால் தேய்த்த இடம் மட்டும் பளபளவென்றிருந்தது, மீதிக் கதவு அதன் பக்கத்தில் அழுக்காகத் தெரிந்தது. மீதிக் கதவைத் தேய்த்தேன், பின்கதவு மங்கலாகிவிட்டது. அதைத் தேய்த்தால் டிக்கி. டிக்கியை முடித்துச் சுற்றிவந்து பானட்டைப் பிடிப்பதற்குள் ஆரம்பித்த கதவு மறுபடி மங்கிவிட்டது. அன்றைக்கு ஏறிய பைத்தியம்தான் மச்சான், ஒளிக்காமல் சொல்கிறேன். திருப்பூரிலிருந்து பனியன் வேஸ்ட் மூட்டையாக வரவழைத்து, அதில் தையல் இல்லாத துண்டாகப் பொறுக்கி, துவைத்து, காயவைத்து, மெழுகு பாலிஷைத் தொட்டுத் தேய்த்தால், மேலே தெளித்த தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வந்து தலை சீவிக்கொண்டு போனார்கள். நரசிம்மலு தினமும் பானட்டைப் பார்த்துத்தான் மீசை கத்தரித்தார். அவர் சேவல் தொடங்கிவைத்த பளபளப்புதானே என்று நானும் விட்டுக்கொடுத்தேன்.

இந்த இரண்டு வருஷத்தில் கார் ஓடியது மொத்தம் பதினோரு கிலோமீட்டர். அதில் ஒன்பது, வாங்கிய இடத்திலிருந்து வீட்டுக்கு வந்தது. மீதி, வெயிலுக்குப் பயந்து வேப்பமரத்தடிக்கும், காகத்துக்குப் பயந்து மறுபடி வெயிலுக்கும். தங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் நாங்கள் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததைத் தாங்கள் தவறாக நினைக்கக் கூடாது. சத்தி ரோட்டிலிருந்து தங்கள் வீட்டுக்குத் திரும்புகிற அந்த மண் பாதை இருக்கிறதே, அதில் இந்தக் காரை இறக்க எனக்கு மனம் வராது.

அப்புறம்தான் எழிலைப் பெண் பார்க்கத் தொண்டாமுத்தூரிலிருந்து வந்தார்கள். வந்தவர்களை முதலில் காரைச் சுற்றிக் காட்டினேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்காது. மாப்பிள்ளையின் தகப்பனார் வெங்கடபதி கால் வலித்ததாலோ என்னவோ, மோதிரக் கையை அப்படியே பானட்டில் ஊன்றினார். எனக்குக் கண் இருட்டிவிட்டது. "ஏனுங்க! கைய எடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் காப்பித் தட்டோடு வந்த எழில் அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டாள். அவர் பெரிய மனுஷர், சிரித்துக்கொண்டே, "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க. காரைச் சீராக் குடுத்துப் போடாதீங்க, எங்களுக்குத் தொடப் பயமா இருக்குது" என்றார். தை மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று. அவர்கள் தெரு முனை தாண்டும்வரை சிரித்த முகத்தோடு நின்ற தங்கள் தங்கை, உள்ளே போய்ச் சூடத்தைக் கொளுத்திக்கொண்டு வந்தாள். "இனிமே பாலிஷ் டப்பாவத் தொட மாட்டேன்னு இதை அடிச்சு அணைங்க" என்றாள். அணைத்தேன்.

மச்சான், நான் சூடம் அணைத்தது வலது கையால். அதற்கப்புறம் இன்றுவரை வலது கையால் ஒருமுறைகூட பாலிஷ் டப்பாவைத் தொட்டதில்லை. மாசாணி ரேஷன் கடைக்குப் போகிற நேரம் பார்த்து இடது கையால்தான் போடுகிறேன். ஆரம்பத்தில் கொஞ்சம் திருகலாக வந்தது, இப்போது வலதைவிட நன்றாகவே வருகிறது.

இப்படி இருக்கையில் ஆயுத பூஜை வந்தது. இரண்டு நாள் முன்னால் மூன்று பூச்சு போட்டுவிட்டிருந்தேன். பூஜையன்று தெருவே கூடி நிற்க, மாசாணி சந்தனத்தைக் குழைத்து பானட்டில் பொட்டு வைத்தாள். பொட்டு நின்றது, யோசித்தது, மெதுவாக நழுவி நம்பர் பிளேட்டுக்கு வந்து சேர்ந்தது. இரண்டாவது பொட்டும் அதே வழியில் வந்தது. மூன்றாவது, வைத்த விரலை விட்டு வரவே மறுத்தது. குங்குமத்துக்கு உட்கார இடமே இல்லை. நரசிம்மலு, "சாமிக்கு இந்த வண்டி ஆகலைங்க" என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். அத்தனை மீசை கத்தரித்த நன்றி இல்லை பாருங்கள். மாசாணி மறுநாளே கோயிலில் பூ கேட்டாள். இரண்டு பொட்டலம், சிவப்பு வந்தால் வைத்துக்கொள்வது, வெள்ளை வந்தால் விற்றுவிடுவது. வெள்ளை வந்துவிட்டது. "கல்யாணத்தை வெச்சுக்கிட்டு சாமி ஒதுக்குன வண்டிய வாசல்ல நிறுத்த முடியாதுங்க" என்கிறாள்.

என் நிலைமையைப் பாருங்கள். சாமி ஒதுக்கவில்லை, மெழுகுதான் வழுக்கிவிட்டது என்று சொன்னால் கார் தப்பும், நான் தப்ப மாட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் சத்தியம் தவறிய தகப்பன் ஆகிவிடுவேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தப்புவேன், கார் போய்விடும். நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆகவே தாங்கள் ஒரு சின்னப் பொய் சொல்ல வேண்டும். தங்கள் டெம்போவிலும் இந்த வருஷம் சந்தனம் நிற்கவில்லை, அன்னூர் முழுக்க இதே கதைதான், கடையில் வருகிற சந்தனத்திலேயே கலப்படம் என்று சொல்லிவிடுங்கள். அண்ணன் சொன்னால் அவள் நம்புவாள்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். எங்கள் அப்பா பண்ணையத்துக் காரை இருபது வருஷம் கழுவித் துடைத்தவர். ஒருநாளும் அதில் ஏறியதில்லை, ஏறச் சொன்னவரும் இல்லை. என் காரைத் துடைக்கும்போது இது நம்முடையது, நம்முடையது என்று கை தானாகச் சொல்லிக்கொள்கிறது. அதை இன்னொருவர் ஓட்டிக்கொண்டு போவதை நான் வாசலில் நின்று பார்க்க முடியாது மச்சான்.

அக்காவுக்கு என் வணக்கம். எல்லா நலமும் தங்களைச் சேரட்டும். டெம்போவுக்கும் துரு அண்டாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உதவியை நம்பியிருக்கும்
மருதாசலம்

பின்குறிப்பு: உறையில் போடும் நேரத்தில் பானட்டில் காகம் எச்சமிட்டுவிட்டது. உடனே துடைக்காவிட்டால் பெயின்ட்டை அரித்துவிடும். இதோ வந்து ஒட்டுகிறேன்.

அண்ணனுக்கு மாசாணி எழுதிக்கறதுங்க. உங்க மாப்பிள்ளை கடுதாசிய மேசை மேலயே போட்டுட்டு எச்சம் தொடைக்க ஓடிட்டாருங்க. பூராவும் படிச்சுப் போட்டேன். கார் விக்க வேண்டாம், ஆரையும் கூட்டியாராதீங்க. இந்தச் சந்தனத்துல கலப்படம்னு எழுதியிருக்காரே, அது மட்டும் நெசமுங்க. வெளக்கெண்ணெய் கலந்தது நாந்தான். ரெண்டு பூப்பொட்டலத்துலயும் வெள்ளைதான் வெச்சேன். மாசாணியம்மனுக்குத் தனியா மன்னிப்புக் கேட்டுக்கறேன், அவளுக்கும் எனக்கும் ஒரே பேருங்கறதால கொஞ்சம் பொறுத்துக்குவா. இடது கை சமாச்சாரம் எனக்கு ஆவணியிலயே தெரியும், ஊடு பூரா மெழுகு வாசம்.

வித்துப் போடுவேன்னு மெரட்டுனாத்தான் ஓட்டுவாருன்னு நெனச்சேன். ஆனா அவங்கப்பா சேதி எழுதியிருக்கறதைப் படிச்சதும் அழுவாச்சி வந்துருச்சுங்கண்ணா. மாமனாரு தொடைச்சாரு, ஏறலையாம். இவரும் ரெண்டு வருசமாத் தொடைச்சுட்டுத்தானே இருக்காரு, எங்க ஏறுனாரு? நான் எங்க ஏறுனேன்? அதனால ஞாயித்துக்கிழமை நாங்க மூணு பேரும் கார்லயே வாரோம். அந்த மண் பாதையிலதான். மழை பேஞ்சு சேறாக் கெடந்தாலும் வாரோம். இன்னும் அவருக்குச் சொல்லலீங்க, சூடம் மட்டும் வாங்கி வெச்சிருக்கேன். இந்தத் தடவை ரெண்டு கையாலயும் அணைக்கச் சொல்லப் போறேன்.

நாங்க வர்றப்ப உங்க ஊட்டுச் சேவலை மட்டும் கூடையப் போட்டுக் கவுத்து வெச்சிருங்க. பாவம், அவரு.