பெரிய கேம்ஷாஃப்ட்

சிக்னலில் பச்சை விழுந்தது. டெல்பர்ட் ஸ்ட்ரவுடின் பிக்கப் மட்டும் இருமி, குலுங்கி, நின்ற இடத்திலேயே அணைந்துபோனது. பின்னால் ஹாரன்கள் கதறின.

பக்கத்தில் மனைவி நடீன். சர்ச் விருந்துக்குச் சமைத்த பீன்ஸில் பாதி அவள் மடியில்.

"ஒண்ணும் பேசாதே," என்றான்.

"நான் வாயே திறக்கலையே."

"நீ நினைக்கிறது கேக்குது!"

அவன் கோபமெல்லாம் உதிரிபாகக் கடைக்கார மேவிஸ் மேல். எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம்ஷாஃப்ட் தண்டை மாற்றலாமென்று போனவனிடம், "வண்டி எதுக்கு, தம்பி?" என்று கேட்டிருந்தாள்.

"வேலைக்குப் போக. வைக்கோல் இழுக்க."

"அப்ப சின்னதா எடுத்துக்க. பெரிசு பந்தயத்துக்கு. வேகம் பிடிச்சா பறக்கும். ஊருக்குள்ள சிக்னலுக்குச் சிக்னல் மூச்சுத் திணறும்."

"எனக்கு எது வேணும்னு எனக்குத் தெரியாதா?"

அதற்காகவே கடையிலிருந்ததில் பெரியதை வாங்கினான். அன்று முழுக்க மச்சான் ராய்ஸோடு சண்டை போட்டுக்கொண்டே எஞ்சினைப் பிரித்துப் பூட்டினான். கிளப்பியதும் வண்டி தடதடவென்று உறுமியது. தெருவே திரும்பிப் பார்த்தது. சந்தோஷம் அந்த ஒரு நாள்தான்.

பீன்ஸ் கறை காய்வதற்குள், நிற்கும்போதும் எஞ்சின் வேகமாக ஓடும்படி திருகிவைத்தான். இப்போது அணையவில்லை. கியர் போட்டதும் பிரேக்கையும் மீறிப் பாய்ந்து எதிர்வீட்டுத் தபால்பெட்டியைச் சாய்த்தது.

"பெரிய கேம்ஷாஃப்டுக்குப் பெரிய கார்பரேட்டர் வேணும் மாமா," என்றான் ராய்ஸ்.

"முதல்லயே சொல்றதுக்கென்ன? வாயில புகையிலை அடைச்சிருந்தியா?"

"சொன்னேன். நீங்கதான் ஸ்பானரைத் தூக்கி வீசுனீங்க."

பெரிய கார்பரேட்டரும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் வண்டியை அணைத்தபோது புகைக்குழாய் வேட்டுப்போல வெடித்தது. உள்ளே ஜெபத்திலிருந்த சபை முழுவதும் பெஞ்சுக்கடியில் புகுந்தது. முதலில் புகுந்தவர் பாதிரியார்.

நடீன் கதவை அறைந்து சாத்தினாள். "நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். நடந்து. பாதி வழியில நின்னுபோகாம போய்ச் சேருவேன், பாரு!"

இரண்டு நாள் வீட்டில் கத்துவதற்கும் ஆளில்லை. மூன்றாம் நாள் டெல்பர்ட், கழற்றிப் போட்டிருந்த தண்டை எண்ணெய்த் துணியோடு தூக்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி மேவிஸ் முன்னால் போய் நின்றான். யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாததை முணுமுணுத்தான்.

"நீங்க சொன்னதுதான் சரி."

"என்ன தம்பி? காதுல விழல."

"நீங்க சொன்னதுதான் சரின்னேன்! ஊருக்குள்ள ஓட்டுறவனுக்குப் பெரிசு ஆகாது! நான் முட்டாள்! போதுமா? இந்தப் பழசையே திரும்பப் பூட்டிக் குடுங்க!"

மேவிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்கட்டைப் பார்த்து, "கிளெம்!" என்றாள். மெக்கானிக் கிளெம் வந்து துணியைப் பிரித்தான். தண்டை ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தான். கட்டைவிரலால் தேய்த்தான்.

"அண்ணே, இது எஞ்சினுக்குள்ள போகவே போகாத புதுசு, கழட்டின பழசையேதான் நீங்க திரும்ப உள்ள, அதுவும் தப்பும் தவறுமா, பூட்டியிருக்கீங்க."