யாருக்கும் சொல்லாமல் தவேயுனிக்கு

நாசினு, சுவா
வியாழக்கிழமை

என் மனைவியோடு பிறந்தவனும் என் பாவங்களை அறிந்தவனுமான மச்சான் ஜோசேவாவுக்கு, அபிசாய் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே கூரை ஒழுகாமலும் பல் ஆடாமலும் இருக்கிறோம். லவுத்தோக்காவில் நீயும் உன் முழங்காலும் அப்படியே இருக்கவேண்டும் என்று ஜெபம் செய்கிறோம். என் கையெழுத்தைப் பார்த்ததும் பணப்பையை ஒளித்துவைத்திருப்பாய். சொந்தக்காரன் கடிதம் என்றால் எதையாவது கேட்டுத்தானே வரும். பயப்படாமல் படி. இதில் உன்னிடம் நான் எதையும் கேட்கப்போவதில்லை. கடைசியில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, அதைக் கேட்பது என்று சொல்லமுடியாது.

உன் தங்கை உனாய்சியைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன மாதம் ஒரு சாயங்காலம், என் பங்காளிகள் ஒரு கூட்டம் வந்து சாப்பிட்டுவிட்டு, மிச்சம் இருந்த சேப்பங்கிழங்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனபிறகு, அவள் அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். சட்டி எப்போதோ வெளுத்துவிட்டது, அவள் நிறுத்தவில்லை. என்ன என்று கேட்டேன். "ஒரு வாரங்க. ஒரே ஒரு வாரம், யாரும் என்கிட்ட எதுவும் கேக்காத இடத்துல இருக்கணும்" என்றாள். பக்கத்து வீட்டில் தையல் தைக்கிறாளே பிரேம்வதி, அந்தக் கைம்பெண்ணின் சமையலறையில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. அதில் தவேயுனித் தீவின் அருவி இருக்கிறது. இரண்டு பேரும் அதன் கீழே உட்கார்ந்துதான் கிழங்கு சீவுவார்களாம். அருவியைப் பார்க்கவேண்டும், மலைமேல் ஏரிக்கரையில் பூக்கிற அந்தச் சிவப்புப் பூவைப் பார்க்கவேண்டும், அப்படியே படகேறி ரம்பித் தீவுக்குப் போய் அந்த மக்கள் ஆடுகிற ஆட்டத்தைச் சும்மா உட்கார்ந்து பார்க்கவேண்டும், ஆடியவர்களுக்கு நாம் சமைக்கக்கூடாது. இவ்வளவுதான் அவள் ஆசை. மச்சான், கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. காலம் முழுக்க பஸ்ஸில் ஊரார் டிக்கெட்டைப் பரிசோதித்தவன், மறுநாளே போய் எங்கள் இரண்டு பேருக்கும் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒரே நிபந்தனைதான் வைத்துக்கொண்டோம். சொந்தக்காரன் ஒருத்தன் காதிலும் விழக்கூடாது.

முதலில் பெட்டி. நீலப் பெட்டி, சக்கரம் வைத்தது. நடு மத்தியானம், எல்லாரும் தூங்குகிற நேரம் பார்த்துத் தெருவில் உருட்டிக்கொண்டு வருகிறேன், அந்தச் சக்கரம் போட்ட சத்தத்தில் தெருவே எழுந்துவிட்டது. மாமரத்தடியில் என் பெரியப்பா மகன் மாத்தையாசி உட்கார்ந்திருந்தான். "டேய் அபிசாய், பெட்டி புதுசா? எங்கயாவது போறியா?" என்றான். நான் சும்மா இருந்திருக்கலாம். "நான் எங்கண்ணே போறேன்" என்றேன். "போகலைன்னா உனக்கு எதுக்குடா பெட்டி? என் பொண்ணு லம்பாசாவுக்கு வேலைக்குப் போறா, துணிய அரிசி மூட்டையில கட்டி வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டு, கெரேகெரே, அந்தப் பெட்டியைக் கொடு என்று வாயைத் திறந்துவிட்டான். அந்த வார்த்தையைச் சொல்லி ஒரு சொந்தக்காரன் கேட்டபிறகு இல்லை என்று சொன்னவன் நம் ஜனங்களில் எவன் தலைநிமிர்ந்து நடந்திருக்கிறான், நீயே சொல். பெட்டியை அவன் வீட்டு வாசல்வரை நானே உருட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். உனாய்சி ஒரு துணிப்பையை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள்.

பொய் சொன்னதால்தானே பெட்டி போயிற்று, இனி உண்மையே சொல்வது என்று முடிவு செய்தேன். அதுதான் நான் செய்ததிலேயே பெரிய மடத்தனம். சந்தையில் மழைக்கோட்டு வாங்கும்போது தொரிகா அத்தை பிடித்துக்கொண்டாள். "யாருக்குய்யா கோட்டு?" என்றாள். தவேயுனியில் மழை அதிகம் அத்தை, அதற்காக என்றேன். அவ்வளவுதான், கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் மகன் அங்கேதான் இருக்கிறான். கல்யாணம் ஆகி வருடம் போய்விட்டது, வீட்டில் விரிக்க ஒரு நல்ல பாய் இல்லையாம். "உன் ரூபத்துல ஆண்டவரே வந்துட்டார் ராசா" என்றாள். மறுநாள் எங்கள் வீட்டுக்கு ஆண்டவர் பெயரால் வந்து சேர்ந்தவை ஒரு கட்டுப் பாய், ஒரு மெத்தை, ஒரு பன்றிக்குட்டி. பன்றிக்குட்டியைக் கப்பல் புறப்படும்வரை நாங்கள் வைத்திருக்கவேண்டுமாம், அவள் வீட்டில் நாய் இருக்கிறதாம். அதைக் குளியலறையில் கட்டினோம். தீவுக்குப் போட்டுக்கொள்ள உனாய்சி தானே பின்னிய ஓலைத்தொப்பி அங்கே ஆணியில் தொங்கியது. காலையில் ஆணி மட்டும் இருந்தது.

அத்தை அதோடு விட்டாளா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, கடல் கடந்து போகும் நம் சகோதரனுக்காக ஜெபிப்போம் என்றுவிட்டார். ஜெபம் முடிவதற்குள் பாட்டுக்குழுத் தலைவர் எலிய்கி கண்ணைத் திறந்துவிட்டார். தவேயுனிச் சபையார் எத்தனையோ வருடமாகப் பாட வாங்க வாங்க என்று அழைக்கிறார்களாம், துணைக்கு ஆள் இல்லாமல்தான் போகவில்லையாம். "அபிசாய் போறார்னா நாங்க போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று சபை நடுவில் கேட்டார். எல்லாரும் ஆமென் என்றார்கள், பழக்க தோஷத்தில் நானும் சொன்னேன். எலிய்கியும் சும்மா வருகிற ஆள் இல்லை, அவர் என் சித்தப்பாவின் சம்பந்தி. "கப்பல்ல விக்கிற சாப்பாடு குரலுக்கு ஆகாது. உனாய்சி கையால மீனும் தேங்காய்ப்பாலும் இருந்தா தொண்டை திறக்கும்" என்று அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து பழையபடி அந்தச் சட்டியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் எனக்கு இப்போதெல்லாம் தூக்கத்திலும் கேட்கிறது.

சரி, போகிற வழிதான் கூட்டம், தங்குகிற இடமாவது அமைதியாக இருக்கட்டும் என்று விடுதிக்காரனுக்கு போன் போட்டேன். எந்த ஊர் என்றான். சொன்னேன். அப்புறம் ஒரு சிரிப்பு சிரித்தான் பார், கம்பியே அதிர்ந்தது. அவன் ஊரும் என் ஊரும் ஒரே ஆதி தெய்வத்தின் வழி வந்தவையாம். போச்சா. அந்த உறவில் ஒருத்தன் வீட்டுக் கோழியை இன்னொருத்தன் பிடித்துக்கொண்டு போனாலும், வாய்க்கு வந்தபடி கேலி பேசினாலும் கேட்க நாதி கிடையாது என்பது உனக்கே தெரியும். "அடேய் வவ்வால் தின்னி, உங்க ஊர்க்காரன் ஒருத்தன் வந்து சிக்கமாட்டானான்னு எங்கப்பன் காலத்துலேர்ந்து காத்துக்கிட்டு இருக்கோம். சட்டையோட இறங்கு, சட்டையில்லாமப் போவ. துறைமுகத்துக்கு ஊரே வரும். உன் பொண்டாட்டி மீன் நல்லா வைப்பாளாமே, எங்க பொம்பளைங்களும் கத்துக்கணுமாம்" என்றான். தொரிகா அத்தையின் மகன் வேலையாகத்தான் இருக்கும். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் உனாய்சி பின்னால் நிற்கிறாள். "அங்கயும் கேக்கறாங்களா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மச்சான், அவள் கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

இனி அந்தச் சின்ன விஷயம். நீ ஒரு வாரம் படுத்துக்கொள்ளவேண்டும். பெரிய வியாதி எதுவும் வேண்டாம், முழங்கால் போதும். மச்சானுக்கு முடியவில்லை என்று ஓர் ஆள் அனுப்பு. தவேயுனி பயணம் நின்றது என்று இங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டு, உன்னைப் பார்க்கக் கிளம்புவதுபோல் கிளம்பி, நடுவழியில் திரும்பி நாங்கள் வேறு கப்பல் பிடித்துவிடுவோம். நீ முடியாமல் கிடக்கிறாய் என்று தெரிந்தால் பாட்டுக்குழு உனக்காகப் பாட லவுத்தோக்காவுக்கு வந்துவிடுமே என்பதை இந்த வரி எழுதும்போதுதான் யோசிக்கிறேன். வந்தால் சோறு போட்டு அனுப்பு. பன்றிக்குட்டியும் வரக்கூடும்.

உன் வீட்டு அடுப்பு அணையாமலும், உன் பிள்ளைகள் தூர தேசத்தில் மாப்பிள்ளை பார்க்காமலும், உன்னைத் தேடி வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களாகவும் இருக்க ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. உன் மனைவிக்கு எங்கள் இருவரின் அன்பு.

இப்படிக்கு,
உன்னையே நம்பியிருக்கும்
அபிசாய்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை சாயங்காலம். நீ படுக்கவேண்டாம், எழுந்து நட. நேற்று இந்தக் கடிதத்தை மடிக்கும்போது உனாய்சி வந்து என் எதிரே பாயில் உட்கார்ந்தாள். தலைவர்கள் முன்னால் உட்காருவோமே அந்த மாதிரி, முதுகை நிமிர்த்தி. கையைக் குவித்து மெதுவாகத் தட்டினாள். "கெரேகெரே" என்றாள். நானும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். என்னம்மா வேண்டும் என்றேன். "உங்க டிக்கெட்டு. பிரேம்வதிக்கு" என்றாள். அப்படியென்றால் நான் என்ன செய்வது என்று கேட்டேன். "நீங்க இங்கயே இருங்க. பாய் உங்க அத்தையோடது, பாட்டு உங்க சித்தப்பா சம்பந்தியோடது, அந்த விடுதிக்காரன் உங்க சாமியோட ஆளு. நீங்க வராட்டி அந்தத் தீவுல எனக்கு ஒருத்தரும் கிடையாதுங்க. எனக்கு அதுதான் வேணும்" என்றாள். மனைவி புருஷனிடம் அப்படிக் கேட்பது நம் வழக்கத்தில் உண்டா என்று பெரியவர்களைக் கேட்கலாம் என்றால், கேட்கப் போகிற இடத்தில் அவர்கள் ஏதாவது கேட்பார்கள். கொடுத்துவிட்டேன். எனக்கு வலித்தது மச்சான், உன்னிடம் மறைப்பானேன்.

தீவின் அந்தப் பக்கம் வேறு ஏதோ வீட்டில் தங்குகிறார்களாம், எது என்று என்னிடம் சொல்லவில்லை. நான் போகாததால் பாட்டுக்குழுவும் போகவில்லை. எனக்கு ஆறுதல் சொல்ல வந்து இப்போது வாசலில் பாடிக்கொண்டிருக்கிறது, தேநீர் உண்டா என்று எலிய்கி இரண்டு தடவை கேட்டுவிட்டார், சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. டிக்கெட்டை இன்றைய கப்பலுக்கே மாற்றிக்கொண்டார்கள், மத்தியானம் பஸ் நிறுத்தம்வரை நான் கூடப் போனேன். அந்தத் துணிப்பையைப் பிரேம்வதி தோளில் போட்டுக்கொண்டாள். நம் பெண்கள் எங்கே போனாலும் பாயோ கிழங்கோ மீனோ சுமக்காமல் போனதுண்டா, உன் தங்கை இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தாள். அவளுக்கு வெறுங்கை எப்படி இருக்கும் என்று நான் இன்றைக்குத்தான் பார்த்தேன்.