மலை ஏறிய ஆறு

ஜப்பான்காரன் ஆட்சியில் பினாங்கில் அரிசிக்கு வரிசை, உப்புக்கு வரிசை. எல்லாவற்றையும்விட நீளமான வரிசை வெற்றிலைச் சாமி வீட்டு வாசலில்தான். அரிசி வரிசையில் நின்றால் அரிசி கிடைக்கும். இங்கே நின்றால் கையிலிருக்கும் அரிசியும் போகும்.

இந்தியாவுக்குக் கடிதம் போவது நின்று ஒன்றரை வருடம். ஊரில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள், ஒன்றும் தெரியாது. சாமி வெற்றிலையில் மை தடவிப் பார்த்து உங்கள் ஊரை அப்படியே சொல்லுவார். காணிக்கை ஒரு பால் டின் அரிசி. தபால்தலையைவிட விலை அதிகம்தான். ஆனால் கப்பல் மூழ்கும் பயம் இல்லையே!

நான் தபாலாபீஸ் ஓரம் மேசை போட்டுக் கடிதமும் மனுவும் எழுதிப் பிழைத்தவன். என் வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் இப்போது சாமியிடம். வயிற்றெரிச்சல் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் நானும் போய் நின்றேன்.

அப்போது வள்ளியம்மாவின் முறை. மகளைக் குறுங்கரையில் தாயிடம் விட்டுவிட்டுப் பினாங்குக்குப் பிழைக்க வந்தவள்.

சாமி வெற்றிலையை உற்றுப் பார்த்தார். "குறுங்கரை தெரியுது. மேற்படி கிராமத்துக்குத் தெற்கே ஆறு அரிவாள் மாதிரி வளையுது. தாத்தா காலத்து வெள்ளத்துல பழைய ஊரு அடிச்சிட்டுப் போச்சு. பதினெட்டுக் குடும்பம் மேட்டுல குடியேறிச்சு. மேற்படி மேட்டுலதான் உன் மக நிக்கிறா."

"ஆமாஞ் சாமி! எங்க ஊரேதான்!" வள்ளியம்மா அழுதுவிட்டாள்.

"ஆத்துல மறுபடியும் தண்ணி ஏறுது. புள்ளைக்குக் கண்டம். அமாவாசைக்குள்ள உன் தோடு ரெண்டையும் கொண்டாந்து வை."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எனக்கோ காது அரித்தது. தெய்வம் எப்போதிலிருந்து 'மேற்படி' போட ஆரம்பித்தது? அது என் வாக்கியம்! வள்ளியம்மாவின் வீட்டுமனைக்காக ஆறு வருடத்துக்கு முன் நான் எழுதிய மனு. எழுதியதற்கெல்லாம் நகல் வைப்பது என் வழக்கம். போன மாதம் பசி தாங்காமல் அந்த நகல்களைக் கடலை மடிக்கச் சின்னையாவிடம் விற்றிருந்தேன். சின்னையா கடலை விற்பது சாமி வீட்டு வாசலில். பேரும் ஊரும் கேட்டு வரிசையை ஒழுங்கு செய்பவனும் அவனே.

அன்றே ஒரு புது மனு எழுதினேன். மனுதாரர் முனுசாமி, மாட்டுவண்டிக்காரர், என் நண்பர். ஊர் பூவாற்றுமேடு, உலகத்தில் எங்கும் இல்லாத ஊர். மேற்படி ஊரின் ஆறு கடலில் பிறந்து மலைமேல் ஏறுகிறது. மூன்றே நாள் ஆண்ட மன்னன் அதற்கு ஒற்றைக் காலால் அணை கட்டினான். பழைய தேதி போட்டேன். அடுப்புப் புகையில் காட்டிப் பழுப்பாக்கினேன். "இன்னும் ஒண்ணு கெடந்துச்சு தம்பி" என்று சின்னையாவிடம் கொடுத்தேன். இதற்கும் ஒரு நகல் என் சட்டைப்பையில்.

அமாவாசையன்று வள்ளியம்மா தோடுகளைத் துணியில் முடிந்து வந்திருந்தாள். அவளுக்கு முன்னால் முனுசாமி.

"பூவாத்துமேடு சாமி."

"தெரியுது. மேற்படி ஆறு கடல்ல பொறந்து மலைமேல ஏறுது..."

"ஆகா!" என்றது கூட்டம்.

"தண்ணி எப்படி சாமி மலை ஏறும்?" வள்ளியம்மா கேட்டாள். "நான் ஆத்தங்கரையில வளந்தவ."

"சாமி நெனச்சா ஏறும்லா! சும்மா இரு அக்கா" என்றார் பின்னால் நின்றவர்.

"மூணே நாள் ஆண்ட மன்னன்..." என்று சாமி இழுத்தார்.

"ஒற்றைக் காலால் அணை கட்டினான்" என்று நான் முடித்தேன்.

சாமி வெற்றிலையைக் கீழே போட்டார். பக்கத்திலிருந்தவர் என் காலில் விழப் போனார்.

"எந்திரிங்க அண்ணே, எனக்கு அருள் வரல. இதை எழுதினதே நான்தான்!" நகலை எடுத்து உரக்கப் படித்தேன்.

"எனக்கு ஏதுங்க பூவாத்துமேடு? நான் பொறந்தது இந்தா எதிர்க்கரை பட்டர்வொர்த்துல!" என்றார் முனுசாமி.

வள்ளியம்மா சின்னையாவின் கடலைக் கூடையைக் கவிழ்த்தாள். அடியில் கட்டுக்கட்டாக என் கையெழுத்து. திரும்பிப் பார்த்தால் பின்கதவு திறந்து கிடந்தது. ஆற்றுக்கு முன்னால் சாமி மலை ஏறிவிட்டது.

தோட்டைக் காதில் மாட்டிக்கொண்டே வள்ளியம்மா கேட்டாள்: "அப்ப எம் மக?"

"தெரியாதும்மா. கப்பல் ஓடட்டும். மொத லெட்டர் உனக்குத்தான் எழுதுவேன், காசு வேணாம்."

மறுநாள் என் மேசைமுன் நாலு பேர். "ஐயா, நீங்களே மை பாருங்களேன். உங்களுக்குத்தான் எல்லா ஊரும் தெரியுமே!"

உங்கள் ஊர் உங்களுக்கும்தானே தெரியும், ஐயா! அதையே உங்களுக்குத் திருப்பிச் சொல்லிவிட்டு ஒருவன் தோட்டைக் கேட்டால், காதைத் தொடுவதற்கு முன் தலையைத் தொட்டுப் பாருங்கள், இருக்கிறதா என்று.