சூஃப்ளே அமுங்கிய ஜெபம்

தாம்பரம் கிழக்கு,
செவ்வாய்க்கிழமை.

ஆண்டவருக்குள் அன்பான அக்கா ரத்தினபாய்க்கு,

தம்பி வேதசிரோமணி எழுதிக்கொள்வது. கோவிலம்பாக்கத்தில் நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே ஜான்சிக்கும் எனக்கும் உடம்புக்குக் குறைவில்லை. என் மரியாதைக்குத்தான் சுகமில்லை. போனில் சொல்லலாம், ஆனால் பாதியிலேயே நீ ஜெபிக்கத் தொடங்கிவிடுவாய். நம் குடும்பத்து வியாதி அது. இந்தக் கடிதமும் அதைப் பற்றியதுதான்.

நம் ஜெரூஷாவைக் கட்டிய மாப்பிள்ளை ஷெர்வின், காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கேட்டரிங் கல்லூரியில் வாத்தியார் என்பது உனக்குத் தெரியும். அவர் சொல்லிக்கொடுப்பது வெறும் சமையல் இல்லையாம், கேஸ்ட்ரானமியாம். அப்படியென்றால் என்னவென்று கேட்டேன். எதை, எப்போது, யாரோடு, ஏன் சாப்பிடுகிறோம் என்று யோசிக்கிற படிப்பு மாமா என்றார். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த நான், இதற்கு மூன்று வருஷமா என்று கேட்காமல் அடக்கிக்கொண்டேன். போன மாதக் கடைசியில் எங்கள் கல்யாண நாளுக்கு வண்டலூரில் அவர்கள் ஃபிளாட்டுக்குக் கூப்பிட்டு, ஒன்பது நாள் செய்து பழகிய சூஃப்ளே என்ற பதார்த்தத்தை வைத்தார். முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து ஓவனில் வைத்தால் கிண்ணத்துக்கு மேலே மூன்று விரற்கடை எழும்பி நிற்கிறது அக்கா. வெளியே எடுத்து இரண்டு நிமிஷத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டுமாம். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சின்னதாக ஒரு ஜெபம் பண்ணுங்க மாமா என்று மட்டும்தான் சொன்னார்.

நானும் சின்னதாகத்தான் பண்ணினேன். ஆகாரத்துக்கு நன்றி சொன்னேன், சமைத்த கைக்குச் சொன்னேன், கை என்றதும் அத்தானின் முழங்கால் ஞாபகம் வந்தது, அதிலிருந்து ஆஸ்பத்திரி, நர்சுகள், மழை, ஏரி, ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள், அந்த அபார்ட்மென்ட் லிஃப்ட் வரை வந்தேன். முடிக்கப் போகும்போது பக்கத்து மிருகக்காட்சி சாலையிலிருந்து ஒரு சிங்கம் உறுமியது. அதற்குச் சாப்பாடு போடுகிறவர்களை எப்படி விடுவது? ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தா, சூஃப்ளே கிண்ணத்தோட அடியில போய் உட்கார்ந்திருக்கு. ஷெர்வின் அதையே பார்த்துக்கிட்டு நிக்கிறார். சமாதானம் பண்ணலாம்னு, ஆம்லெட் நல்லா இருக்கு மாப்பிள்ளைன்னு வேற சொல்லித் தொலைச்சேன்.

மூணு வாரமாச்சு. ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வர்ற பிள்ளைங்க வரலை. ஜெரூஷாவுக்குப் போன் பண்ணினேன். "அவருக்குக் கோபமெல்லாம் இல்லப்பா. நீங்க கிளம்பினதும் அழுதுட்டார்"ன்னா. கோபம்னாகூடத் தாங்கியிருப்பேன். ஜான்சி என் சாப்பாட்டு ஜெபத்தையே ரத்து பண்ணிட்டா. நான் கண்ணை மூடுறதுக்குள்ள அவளே ஆமென் சொல்லிடுறா.

யோசிச்சுப் பார்த்தா தப்பு எங்கேன்னு தெரியுது. நம்ம அப்பா நீளமா ஜெபிச்சது கொதிக்கிற கஞ்சிக்கு. ஆறினாத்தானே குடிக்க முடியும்? இப்ப தட்டுல இருக்கிறது மாறிடுச்சு, நான் ஜெபத்தை மாத்தலை. இனிமே மூணே விநாடிதான். சுடச்சுட வடையை முன்னால வச்சு, கடிகாரம் பார்த்துப் பழகிட்டேன். நீ மாப்பிள்ளைக்குப் போன் பண்ணி, என் தம்பி திருந்திட்டான், சாப்பிட வாங்கன்னு சொல்லணும். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும் அக்கா. அவர் இல்லாம ஞாயித்துக்கிழமை சோறு இறங்க மாட்டேங்குது.

அத்தானுக்கு எங்கள் அன்பைச் சொல். உங்கள் அடுப்பும் அதைச் சுற்றி இருக்கிறவர்களும் ஆசீர்வதிக்கப்படட்டும், ஆமென். பார், ஒரே வரி.

உன் அன்புத் தம்பி,
வேதசிரோமணி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ஷெர்வினே வாசலில் வந்து நிற்கிறார். யார் சாப்பிட வருகிறார்கள் என்று பார்த்துச் சமையுங்கள் என மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிற நானே பார்க்கவில்லை மாமா என்றார். பிறகு, "ஞாயித்துக்கிழமை இங்கேயே பிரியாணி பண்றேன். தம் போட்டா இருபது நிமிஷம் மூடியைத் திறக்கக் கூடாது. அந்த இருபது நிமிஷமும் உங்களுக்குத்தான்" என்றார். ஆகவே மேலே எழுதியதைக் கிழித்துப் போடு, போனும் பண்ண வேண்டாம். உங்கள் பக்கத்தில் யார் யாருக்கு என்னென்ன கஷ்டம் என்று பெயரோடு வெள்ளிக்கிழமைக்குள் எழுதி அனுப்பு. எவ்வளவு இழுத்தாலும் எனக்குப் பதினாலு நிமிஷம்தான் வருகிறது.