கிளிக்கு ராகுகாலம்

பொன்னுலிங்கம் ஐந்தரை மணிக்கு எழுந்தான். ஆற்றில் முங்கிக் குளித்தான். பழைய கஞ்சி குடித்தான். கிளிக்கு நாலு நெல் போட்டான். இருபத்தேழு சீட்டையும் துணியால் துடைத்து அடுக்கினான். ஆறரை மணிக்குக் கூண்டைத் தூக்கிக்கொண்டு குழித்துறைச் சந்தை வாசலுக்கு வந்தான். பாயை விரித்தான். ஆறு வருஷமாக இதே வரிசைதான்.

ஏழு மணிக்குத் தாணம்மாள் வந்தாள். ஒரு மாதமாக அவள்தான் முதல் ஆள். கிழக்கே ஆரல்வாய்மொழிப் பக்கத்துக்காரி, ஊருக்குப் புதியவள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குந்துவாள். கிளிக்கு ஒரு கொய்யாப்பழம் கொண்டுவருவாள்.

"மூணு சீட்டு எடு மக்கா."

"யாருக்காக்கும் அக்கா?"

"ஆளு எதுக்கு? சீட்டு எடு."

கிளி சுந்தரி வெளியே வந்து மூன்று சீட்டு எடுக்கும். பொன்னுலிங்கம் பலன் சொல்வான். தாணம்மாள் ஒவ்வொன்றையும் இரண்டு முறை முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டு போவாள். மூன்று பிள்ளைகளுக்காகக் கேட்கிறாள் என்று அவன் முடிவுகட்டியிருந்தான். ஆளின் முகத்தைப் பார்த்தால் முக்கால்வாசி தெரிந்துவிடும். மிச்சத்தைச் சீட்டு சொல்லும். இதுதான் அவன் தொழில்.

அன்றைக்குத் தகராறைத் தொடங்கிவைத்தவர் கருப்பட்டிக்கடை யேசுரத்தினம். பாஸ்டர் கண்ணில் படாமல் மாதம் ஒரு தடவை சீட்டு எடுக்க வருகிறவர்.

"ஏலே, நீ நாளு நட்சத்திரம் ஒண்ணும் கேக்க மாட்டியா?"

"கிளிக்கு எதுக்கு அண்ணாச்சி நட்சத்திரம்?"

"எதுத்தாப்ல இருக்க பகவதியப்பன் கேக்கானே. பொறந்த நாழிகை வரைக்கும் கேட்டுத்தான் வாயைத் தொறக்கான். உனக்க கிளி எனக்க விதிக்கு எடுக்குதா, அதுக்க பசிக்கு எடுக்குதா?"

பொன்னுலிங்கம் எதிரே பார்த்தான். பகவதியப்பன் ஒரு மாதத்துக்கு முன்புதான் வந்தான். தினமும் பத்து மணிக்குப் பெரிய ஓலைக்குடையை நட்டு, பன்னிரண்டு ராசி வரைந்த பலகையை விரிப்பான். இப்போது அவன் குடையின் கீழே ஏழு பேர் நின்றார்கள். பொன்னுலிங்கத்தின் பாயில் யேசுரத்தினம் மட்டும் இருந்தார். அவரும் பாதி எழுந்துவிட்டார்.

கிரகம் இல்லாத சீட்டு உப்பில்லாத மீன்குழம்பு என்று அவனுக்கே தோன்றிவிட்டது. சாயங்காலம் ஒரு பஞ்சாங்கம் வாங்கினான். இரண்டு நாளில் முழுவதும் படித்தான். கஷ்டமாக இல்லை. இத்தனை சுலபமானதை இத்தனை வருஷம் விட்டுவைத்தோமே என்று வருந்தினான்.

மூன்றாம் நாள் யேசுரத்தினத்தைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான்.

"அண்ணாச்சி, பொறந்த தேதி சொல்லும்."

"அதை யாரு எழுதிவச்சா? ஞானஸ்நானம் எடுத்த தேதிதான் இருக்கு. சபைப் பதிவேட்டுல பாத்து எழுதி வச்சிருக்கேன், இந்தா."

"அது போதும். தேதின்னா தேதிதான்."

யேசுரத்தினம் ஞானஸ்நானம் எடுத்தது நாற்பத்தொன்றாம் வயதில். பொன்னுலிங்கம் வயதைக் கேட்கவில்லை. விரல் விட்டுக் கணக்குப் போட்டான்.

"உமக்கு இப்பம் நடக்கது பத்தாவது வயசு."

"என்னது?"

"படிப்பு ஸ்தானம் பலமா இருக்கு. இந்த வருஷம் அஞ்சாம் கிளாஸ் தேறிருவீரு. கிணத்துப் பக்கம் விளையாடப் போவாதேயும். தண்ணியில கண்டம் இருக்கு."

"ஏலே, எனக்க பேரன் அஞ்சாம் கிளாஸ் படிக்கான்!"

"கணக்கு அப்படித்தான் சொல்லுது அண்ணாச்சி. கணக்கு பொய் சொல்லாது."

யேசுரத்தினத்தின் நரைத்த மீசை அவன் கண்ணுக்கு நேரே துடித்தது. பொன்னுலிங்கம் அதைப் பார்க்கவில்லை. அவன் இப்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பதில்லை. பஞ்சாங்கத்தைத்தான் பார்த்தான்.

அன்று முதல் சந்தையில் யேசுரத்தினத்தைக் கண்டவர்கள் எல்லாம் "இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்லியா?" என்று கேட்டார்கள். பொன்னுலிங்கத்தின் பாய்க்கு ஆள் இன்னும் குறைந்தது.

சாஸ்திரத்தைப் பாதியாகக் கடைப்பிடித்ததுதான் குறை என்று அவன் முடிவு செய்தான். முழுதாகக் கடைப்பிடித்தான். அடுத்த செவ்வாய்ச் சந்தையில் ஒன்பது முதல் பத்தரை வரை எமகண்டம். கூண்டைத் திறக்கவில்லை. பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை குளிகை. திறக்கவில்லை. மூன்று முதல் நாலரை வரை ராகுகாலம். திறக்கவில்லை. குலசேகரம் பஸ்ஸில் வந்த ரப்பர்காரர்கள் மூன்று தடவை வந்து மூன்று தடவையும் துணி மூடிய கூண்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"கிளி செத்துப்போச்சா வே?" என்று ஒருவன் கேட்டான்.

"ராகுகாலம்."

"கிளிக்கா?"

அன்று காலை ஏழு மணிக்கும் தாணம்மாள் மட்டும் தவறாமல் வந்திருந்தாள். அவளிடமும் அவன் நட்சத்திரம் கேட்டான்.

"பஞ்சாங்கம் எங்க வீட்டுலயும் கிடக்கு மக்கா. பாத்துப் பாத்துக் கண்ணு போனதுதான் மிச்சம். நீ கிளியைத் தொற."

சீட்டு எடுத்த பிறகும் விடாமல், "இன்னைக்கு மேக்கே பாத்து இருந்தா காரியம் ஜெயிக்கும்" என்று பஞ்சாங்கத்திலிருந்து ஒரு வரி சேர்த்துக் கொடுத்தான். அவள் அதையும் முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

பத்து மணிக்குப் பகவதியப்பன் வந்தான். வழக்கமாகக் கிழக்கே பார்த்து விரிக்கும் பலகையை அன்று மேற்கே திருப்பிப் போட்டான். பொன்னுலிங்கம் தொடையைத் தட்டினான். பார், நான் கண்டதையே அவனும் கண்டிருக்கிறான், சாஸ்திரம் சாஸ்திரம்தான்! உடனே தன் கூண்டையும் மேற்கே திருப்பினான். மத்தியானத்துக்கு மேல் வெயில் நேரே சுந்தரியின் முகத்தில் அடித்தது. அது கூண்டின் மூலைக்குப் போய் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் சந்தைக் குத்தகைக்காரர் குமாரதாஸ் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"வாசல்ல ரெண்டு சோசியம் வேண்டாம் வே. ஆளு நின்னு வழி அடையுது. ஒருத்தன் இருந்தாப் போதும். எனக்க எருமை இன்னும் ரெண்டு மூணு நாள்ல ஈனும். கிடேரியா கடாவா? நாளைக்குப் பத்து மணிக்கு ரெண்டுபேரும் வந்து சொல்லணும். எவன் சொன்னது சரியோ அவனுக்கு இடம். மத்தவன் பாயைச் சுருட்டிக்கிடணும்."

பொன்னுலிங்கத்துக்கு அந்த இடத்தை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. ஆனாலும் பயப்படவில்லை. பஞ்சாங்கம் இருக்கிறது.

"எருமைக்க நட்சத்திரம் என்ன அண்ணாச்சி?"

"எருமைக்கு யாருவே நட்சத்திரம் பாப்பா?"

"பரவாயில்ல. உமக்க நட்சத்திரத்தைச் சொல்லும்."

புதன்கிழமை காலையில் தாணம்மாள் வந்தபோது அவன் தரையில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு ஒரு சீட்டு போதும் மக்கா. பஞ்சாங்கம் வேண்டாம்."

"நான் ஜோலியா இருக்கேன் அக்கா."

"ஜோலி உனக்குத்தானே. கிளிக்கு இல்லியே."

தலையைத் தூக்காமலே கூண்டைத் திறந்துவிட்டான். சுந்தரி நாலு சீட்டைத் தள்ளிவிட்டு ஐந்தாவதை எடுத்துப் போட்டது.

"பகவதி அம்மன் வந்திருக்கா. பெண்ணால லாபம். போயிட்டு வா."

"பெண்ணு, பெண்ணு" என்று முணுமுணுத்துக்கொண்டு தாணம்மாள் வேகமாக நடந்தாள்.

பத்து மணிக்குக் கூட்டம் கூடிவிட்டது. யேசுரத்தினம் முன்வரிசையில் நின்றார். குமாரதாஸ் முதலில் பொன்னுலிங்கத்தைப் பார்த்தார்.

"சொல்லு வே. கிளியைத் தொறக்கியா?"

"கிளி எதுக்கு அண்ணாச்சி? சாஸ்திரமே சொல்லுது. உமக்க ராசிக்கு அஞ்சாம் இடத்துல செவ்வாய் இருக்கு. செவ்வாய் ஆண் கிரகமாக்கும். கடாதான். சந்தேகமே வேண்டாம்."

பகவதியப்பன் சோழிகளை உருட்டினான். கண்ணை மூடினான். நெடுநேரம் உதட்டை அசைத்தான். பிறகு கண்ணைத் திறந்தான்.

"கிடேரி."

"எப்படி வே?"

"கணக்கு" என்றான் பகவதியப்பன்.

வெள்ளிக்கிழமை எருமை ஈன்றது. கிடேரி.

குமாரதாஸ் தாமே வந்து சொன்னார். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "உனக்க கிளியில ஒரு குத்தமும் இல்ல வே. உனக்குத்தான் கணக்கு போராது."

"படிச்சு முடிக்கதுக்கு முந்தி பரீட்சை வச்சுட்டாங்க, பாவம்" என்றார் யேசுரத்தினம். பத்து நாளாக இதைச் சொல்லத்தான் காத்திருந்தார்.

பொன்னுலிங்கம் கூண்டைத் துணியால் மூடினான். கிரகம் தெரிந்தவன் ஜெயித்தான், தெரியாதவன் தோற்றான். வெறும் சீட்டை வைத்துக்கொண்டு ஆறு வருஷம் ஊரை ஏமாற்றியிருக்கிறோம் என்று நினைத்தான்.

சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு எழுந்தான். ஆற்றில் முங்கிக் குளித்தான். கிளிக்கு நாலு நெல் போட்டான். சீட்டுகளைத் துடைக்கவில்லை. ஆறரை மணிக்குச் சந்தை வாசலுக்கு வந்து, மரத்தில் சார்த்தி வைத்திருந்த பாயைக் கூண்டோடு சேர்த்துக் கட்டினான்.

ஏழு மணிக்குக் கொய்யாப்பழத்தோடு தாணம்மாள் வந்தாள்.

"எங்க போற மக்கா?"

"குலசேகரத்துக்கு. ரப்பர் வெட்டப் போறேன்."

"அய்யோ, கிளி?"

"அதுவும் வருது. இனி சீட்டு எடுக்கதில்ல அக்கா. ஜோசியம் தெரியாதவன் சீட்டைத் தொடப்பிடாது. பகவதியப்பன் பெரிய ஆளு. அவருகிட்ட கேளு. எருமை வயித்துக்குள்ள கிடந்ததைக் கண்ணை மூடிட்டுச் சொன்னாரு, பாத்தியா?"

அவள் கொய்யாப்பழத்தைக் கூண்டுக்குள் தள்ளினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டு, பொன்னுலிங்கம் கட்டிய கயிற்றைத் தானே அவிழ்க்கத் தொடங்கினாள். கடைசியாக அவள் சொன்னது இதுதான்:

"போவாதே மக்கா, பத்து மணிக்கு எனக்க வீட்டுக்காரரு அந்தக் குடையை நட்டுட்டு இருப்பாரு, உனக்க கிளி சீட்டு எடுக்காம அவரு யாருக்கு என்னத்தைச் சொல்லுவாரு?"