பல்வலிக் கரடியும் குட்டைப் படகும்

ஒரு காட்டில் ஒரு கரடிக்குப் பல் வலித்தது.

சாதாரண வலி இல்லை. கடைவாயில் கிளம்பி, காதுக்குள் புகுந்து, வால் வரை போய்த் திரும்பி வரும் வலி. கரடியின் பெயர் சடையப்பன். தேனடையை எதிரில் வைத்துக்கொண்டு, அதைத் தின்ன முடியாமல் பகலெல்லாம் முனகிக்கொண்டிருந்தது.

பக்கத்து வளையில் வேலாயுதம் என்ற முள்ளம்பன்றி குடியிருந்தது. முள்ளம்பன்றி பகலில் தூங்குகிற பிராணி. சடையப்பனின் முனகலில் அதற்குத் தூக்கம் போயிற்று.

"மச்சான், நீ பல்லைப் பிடுங்கு. இல்லேன்னா நான் வளையை மாத்துறேன்" என்றது வேலாயுதம்.

அந்தக் காட்டுக்கு ஒரே பல் டாக்டர் செங்கமலம் என்ற மரங்கொத்தி. அலகு ஒன்றே போதும், வேறு கருவி தேவையில்லை என்று பெயர் வாங்கிய டாக்டர். ஆனால் அது இருந்தது சீறாற்றின் அக்கரையில். பாலமாகக் கிடந்த பெரிய மரத்தைப் போன மழையில் வந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. சடையப்பன் போனில் டோக்கன் போட்டது. மறுநாள் காலையில் வரவேண்டும், தவறினால் மழைக்காலம் முடிந்த பிறகுதான் என்று பதில் வந்தது.

இருவரும் ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே நீலமேகம் என்ற நீர்நாய் படகுக் கடை வைத்திருந்தது.

"வாங்கண்ணே, வாங்க! நீளமா பார்க்கிறீங்களா, குட்டையா பார்க்கிறீங்களா?"

"அக்கரைக்குப் போற மாதிரி" என்றது சடையப்பன், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

"நீளப் படகு நேராப் போகும். எதிரே பாறை வந்தா ஒதுங்குன்னு சொல்லிப் பாருங்க, காதுலயே வாங்காது. குட்டைப் படகைப் பாருங்க, ரெண்டு முனையும் வாழைப்பழம் மாதிரி மேலே வளைஞ்சிருக்கு. சொன்னா உடனே திரும்பும்."

"சொல்லலேன்னா?"

"சொல்லலேன்னாலும் திரும்பும்."

"நேராவும் போகணும், திரும்பவும் செய்யணும். அப்படி ஒண்ணு இல்லையா?"

"அப்படி ஒரு படகு இருந்தா நான் ஏண்ணே கடை வெச்சிருக்கேன்?" என்றது நீலமேகம்.

ஆற்றில் தலைநீட்டிக்கொண்டிருந்த பாறைகளைப் பார்த்துவிட்டு, சடையப்பன் குட்டைப் படகை எடுத்தது. விலையாகத் தேனடையைக் கொடுத்தது. எப்படியும் தின்ன முடியாத தேனடை.

படகுக்கு மேல்மூடி கிடையாது. அலை அடித்தால் தண்ணீர் நேராக உள்ளே வரும். அதற்காக முன்னும் பின்னும் காற்றடைத்த பைகள் கட்டியிருந்தன. பை இருக்கிற இடத்தில் தண்ணீருக்கு இடமில்லை என்று நீலமேகம் விளக்கியது. மிச்சமிருந்த இடத்தில் கரடிக்கும் இடமில்லை என்று வேலாயுதம் சொன்னது.

படகோடு பயிற்சி இலவசம். நீலமேகம் இருவரையும் மணலில் முட்டி போட வைத்தது.

"உட்கார்ந்தா கவுந்துருவீங்க. முட்டி போடுங்க. ஆத்துக்குப் பயந்து துடுப்பைத் தூக்கிட்டு உட்கார்ந்துட்டா ஆறு ஜெயிச்சுரும். துடுப்பு எப்பவும் தண்ணியிலேயே இருக்கணும். அக்கரையைப் பார்த்து நேரா போகாதீங்க. அப்படிப் போனா அக்கரை வராது, கீழே இருக்கிற அருவிதான் வரும். முனையைத் தண்ணி வர்ற திசைக்குக் கொஞ்சம் சாய்ச்சு வெச்சு வலிக்கணும். அப்போ ஆறே உங்களைக் குறுக்கே தள்ளி விடும். நடுவுல களைப்பா இருந்தா பெரிய பாறைக்குப் பின்னாடி ஒதுங்குங்க. அங்கே தண்ணி அடங்கியிருக்கும்."

"பாறையில மோதப் போனா?" என்று கேட்டது வேலாயுதம்.

"பாறைப் பக்கமே சாயுங்க. கட்டிப் பிடிச்சுக்கோங்க. பயந்து இந்தப் பக்கம் சாய்ஞ்சா ஆறு படகுக்குள்ளே ஏறிடும்."

சடையப்பனுக்கு இது அக்கிரமமாகப் பட்டது. உதைக்க வருகிறவனை யாராவது கட்டிப் பிடிப்பார்களா? ஆனால் வாயைத் திறந்தால் பல்லில் காற்றுப் படும் என்பதால் பேசாமல் இருந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். சடையப்பன் முன்னால், வேலாயுதம் பின்னால். பின்னால் இருப்பவன்தான் படகைத் திருப்ப வேண்டும். போனில் துடுப்பு வீடியோ ஏகப்பட்டது பார்த்திருப்பதாகச் சொல்லி வேலாயுதம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

தொடக்கம் அருமையாக இருந்தது. முனையைச் சாய்த்துப் பிடித்தார்கள். நீலமேகம் சொன்னபடியே ஆறு குறுக்கே தள்ளியது. முதல் பாறைக்குப் பின்னால் படகு வழுக்கிக்கொண்டு போய் நின்றது. சுற்றிலும் நுரை, நடுவில் குளம் போல் அமைதி. சடையப்பன் சிரித்தது. பல்வலி வந்த பிறகு அது சிரித்தது அப்போதுதான்.

"மச்சான், நாம பொறந்ததே இதுக்குத்தான்டா" என்றது.

அந்த நம்பிக்கையோடு மறுபடி நீரோட்டத்துக்குள் இறங்கினார்கள். இழுப்பு பலமாக இருந்தது. வேலாயுதம் பின்னாலிருந்து கத்தியது:

"வலி, மச்சான்! வலி!"

துடுப்பை வலிக்கச் சொன்னது அது. சடையப்பனின் காதில் விழுந்தது வேறு. இத்தனை இரைச்சலிலும் தன் பல்லைப் பற்றி விசாரிக்க ஒரு ஜீவன் இருக்கிறதே என்று அதற்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்தது.

"ஆமாடா, ரொம்ப!"

"ஐயோ, வலிடா!"

"அதான் சொல்றேனே, உயிர் போகுது!"

குட்டைப் படகு சொல்லாமலே திரும்பியது. ஒருமுறை சுற்றி, பக்கவாட்டில் சறுக்கி, ஒரு பெரிய பாறையை நோக்கிப் போயிற்று.

"கட்டிப் பிடி! பாறையைக் கட்டிப் பிடி!" என்று வேலாயுதம் பாறைப் பக்கம் சாய்ந்தது. சடையப்பன் பயந்து மறுபக்கம் சாய்ந்தது. கரடியின் எடைக்கு முன் முள்ளம்பன்றியின் அறிவு செல்லவில்லை. ஆறு உள்ளே ஏறியது.

பயம் வந்தால் முள்ளம்பன்றிக்கு முள் நிற்கும். நின்றது. பின்பக்கக் காற்றுப் பை 'டப்' என்று போயிற்று. அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு வேலாயுதம் முன்னால் தாவியது. முன்பக்கப் பையும் 'டப்'.

படகு தொட்டியாயிற்று. சடையப்பன் வெளியே விழுந்து, கடைசியில் பாறையைக் கட்டித்தான் பிடித்தது, தாடையால்.

பிறகு இருவரும் ஆற்றோடு போனார்கள். முள்ளம்பன்றியின் முள்ளுக்குள்ளே வெறும் காற்றுத்தான்; அது தக்கை போல மிதந்தது. அதைப் பிடித்துக்கொண்டால் சடையப்பனும் மிதக்கலாம். ஆனால் அதைப் பிடித்துக்கொள்ள முடியாது. அருவியின் இரைச்சல் கேட்கத் தொடங்கிய இடத்தில் நீரோட்டம் ஒரு வளைவில் ஒதுங்கி இருவரையும் கரையில் துப்பியது. அக்கரை!

டாக்டர் செங்கமலம் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தது.

"வரும்போதே ஒரு பல் விழுந்திருக்கே."

"அதுதான் டாக்டரம்மா! பாறையிலே மோதி விழுந்துடுச்சு. அப்போ வைத்தியம் முடிஞ்சுதா?"

"விழுந்தது நல்ல பல். சொத்தைப் பல் அப்படியே இருக்கு."

மூன்று கொத்து. சொத்தையும் வந்துவிட்டது. சடையப்பனின் முனகல் நின்றதும், வேலாயுதம் நின்ற இடத்திலேயே சுருண்டு தூங்கிவிட்டது.

"ஆமா, நனைஞ்சுக்கிட்டு ஏன் வந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பறந்து வந்திருப்பேனே" என்றது செங்கமலம்.

சடையப்பன் அதன் இறக்கையைப் பார்த்தது. பிறகு எழுந்து உடம்பை உதறியது.

"பறந்து வர்றதுல என்ன டாக்டரம்மா திறமை இருக்கு?" என்றது.

வெளியே வந்தால், கரையில் நீலமேகம் நின்றது. நீந்தியே வந்திருந்தது. பக்கத்தில், அது இழுத்து வந்த ஒரு நீளப் படகு.

"திரும்பிப் போக இதுதாண்ணே சரி. நேராப் போகும்."

"நீ படகுல வரலையா?" என்று கேட்டது சடையப்பன்.

"எனக்கு எதுக்குண்ணே படகு?"

அந்தப் பதிலில் யோசிக்க எவ்வளவோ இருந்தது. ஆனால் சடையப்பன் அதற்குள் முட்டி போட்டுவிட்டது. தூங்குகிற வேலாயுதத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டது.

நீளப் படகு நேராகப் போயிற்று. அருவியிலும் நேராகவே இறங்கியது. இருவரும் பிழைத்துக்கொண்டார்கள், அருவிக்குக் கீழே கரையேறி, முதுகைத் தடவியபடி நடந்தார்கள். வழியில் ஒரு யானை தந்தத்தைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தது. அதன் எதிரே நீலமேகம் புதுக் கடைக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தது.

நீதி: படகுக் கடையை ஆற்றங்கரையில் போடாதே, பல்வலிக்காரன் வீட்டுக்கு எதிரில் போடு.